காபி ஊற்றியாயிற்று

காபியை ஊற்றி முடித்த பிறகுதான், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது கோனி ருஃபோலோவுக்கு உறைத்தது. மேஜைக்கு மறுபக்கம் நீதிபதி ஆர்டித் கோல்மன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பார்வையும் கோப்பையின் மேல்தான் இருந்தது. சர்க்கரைக் கிண்ணத்தை நோக்கிப் போன கோனியின் கை பாதியில் நின்றது. அந்தச் சமையலறையில் காபி இல்லாமல் யாரும் உட்கார்ந்ததில்லை. வரி அதிகாரி வந்தாலும் சரி, வேலிச் சண்டைக்குப் பக்கத்துத் தோட்டக்காரன் வந்தாலும் சரி, முதலில் காபி, பிறகுதான் மற்றதெல்லாம். வந்தவர் நாற்காலியை இழுத்ததுமே அடுப்பிலிருந்த சின்ன அலுமினியப் பாத்திரத்தைக் கை தானாக எடுத்துவிட்டது. இது இன்னார் என்று தலைக்கு நினைவு வருவதற்குள் கோப்பை நிறைந்துவிட்டது.

சாதாரண நாளில் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அன்று வந்திருந்தவர் மாநில உச்ச நீதிமன்றத்தில் காலியாக இருக்கும் இடத்துக்குக் கவர்னர் நியமித்த ஆள். அப்படி நியமிக்கப்பட்டவரை அவருடைய சொந்த மாவட்டத்துச் செனட்டர் தலைநகரில் விசாரணை அறை வரைக்கும் கூடவே நடந்து அழைத்துவந்து, வாசலில் நின்று பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அந்த மாநிலத்து வழக்கம். சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் செனட்டர் கூட வராத யாரும் இதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. செனட்டர் வராவிட்டால் விசாரணைக் குழுத் தலைவர் கூட்டத்தையே தொடங்கமாட்டார், காரணத்தையும் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கு முன்னால் நியமிக்கப்பட்டவர் செனட்டரின் வீட்டுக்கு நேரில் வந்து கேட்க வேண்டும். காபி கொடுத்தால் சம்மதம். வாசலிலேயே நிறுத்தி மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி அனுப்பினால் இல்லை. தலைநகரின் பத்திரிகைக்காரர்கள் அதனால்தான் "என்ன முடிவாயிற்று?" என்று கேட்பதில்லை, "காபி கிடைத்ததா?" என்றே கேட்பார்கள்.

அந்த மாவட்டத்துச் செனட்டரான கோனி மழையைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தாள். ஊரே அப்படித்தான் எதிர்பார்த்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன் ஜீனோவுக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது இந்த ஆர்டித் கோல்மன்தான். அவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ப்ளூபெர்ரி பறிக்க வந்த ஒரு ஆளை இருட்டில் இடித்துக் கொன்றுவிட்டான். அரசு வக்கீலும் தங்கள் வக்கீலும் கூடிப் பேசி, சில மாதங்களில் முடிந்துவிடும் ஒரு தண்டனைக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாள் அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று நீதிமன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோனிக்குக் காது அடைத்துப்போனது. அந்த அடைப்பு இன்றுவரை முழுசாக விலகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

நீதிபதி விரல் நுனியால் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"செனட்டர், இது கைப்பழக்கத்துல ஊத்தினது. பார்த்தாலே தெரியுது. நான் இதைக் கணக்குல எடுத்துக்க மாட்டேன்."

கோனிக்குச் சுருக்கென்றது. காபி கொடுத்ததற்குத் தன்மேல் வந்த கோபத்தைவிட, அதைக் குடிக்கமாட்டேன் என்றவர்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

"என் வீட்டுல ஊத்தின காபியைக் குடிக்காமப் போனவங்க கிடையாது, ஜட்ஜ்."

"குடிச்சா, நீங்க சொல்லாத வார்த்தையை நான் திருடிக்கிட்டுப் போன மாதிரி ஆயிடும். வியாழக்கிழமை என்கூட நடப்பீங்களான்னு கேக்க வந்தேன். கேட்டுட்டேன்."

"என் பையனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லப் போறதில்லையா?"

ஆர்டித் கோல்மன் மடியிலிருந்த கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அறுபதை நெருங்கும் பெண், மெல்லிய கழுத்து, சாம்பல் நிறச் சட்டை. மன்னிப்புக் கேட்பார் என்று கோனியின் மனதில் ஒரு மூலை காத்திருந்தது. கேட்டால் முகத்துக்கு நேரே சொல்லத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளும் இருந்தன.

"தீர்ப்பு சொன்ன அன்னிக்கே சொல்லிட்டேன். இன்னிக்கு வேற மாதிரி சொன்னா, அன்னிக்குச் சொன்னது பொய்னு ஆயிடும்," என்று சொல்லி எழுந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்வாசல் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு கோனியின் தம்பி ஸால் உள்ளே வந்தான். ஸால்தான் ஹார்ட்வெல் ஊரின் மேயர். அக்காவும் தம்பியுமாக நடத்தும் பெர்ரித் தோட்டத்திலும் பாதி அவனுடையது. நீதிபதியைப் பார்த்தான், தொப்பியைத் தொட்டான், பிறகு மேஜையைப் பார்த்தான். ஆவி பறக்கும் கோப்பையைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைக் கோனி இத்தனை வயதில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அது அறுவடைக்கு முதல் நாள் ஆலங்கட்டி மழை பெய்தபோது.

நீதிபதியின் கார் சரளைப் பாதையில் இறங்கி மறையும் வரை பார்த்துவிட்டு அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

"ஊத்திட்டியா?"

"கை ஊத்திடுச்சு."

"கையா? அப்போ உன் கை செனட்டரா? உன் கைக்கா ஜனங்க ஓட்டுப் போட்டாங்க?"

"கத்தாத. அவங்க குடிக்கவே இல்ல."

"குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? ஊத்தினதுதான் கணக்கு. கோனி, உனக்கு நான் விளக்கணுமா? அந்தக் கோர்ட்ல இப்போ ஆறு ஜட்ஜ் உக்காந்திருக்காங்க. மூணு பேர் இந்தப் பக்கம், மூணு பேர் அந்தப் பக்கம். நம்ம ஊர் கேஸ் அங்கே தொங்கிட்டு இருக்கு. இந்த அம்மா போய் உக்காந்தா அந்தப் பக்கம் நாலு. அப்புறம் சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற நிலத்துல வரிசையா குறைஞ்ச வாடகை வீடு. ஊர்க்காரங்க என்னைத் தார் பூசி ஊரை விட்டே அனுப்புவாங்க. உன்னையும்தான்."

கோனிக்கு இதெல்லாம் தெரியாததில்லை. ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குள் கொஞ்சமாவது குறைந்த வாடகை வீடுகளுக்கு இடம் விட வேண்டும் என்பது பழைய சட்டம். ஹார்ட்வெல் மாட்டேன் என்று வழக்குப் போட்டிருந்தது. அந்த வழக்குக்கு ஆதரவாகத் தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் மேடையேறிப் பேசியவளே அவள்தான். கைத்தட்டல் நன்றாகவே கிடைத்தது. நவம்பரில் கவர்னர் தேர்தல். இப்போதிருக்கும் கவர்னர் எதிர்க்கட்சி ஆள், திரும்ப நிற்க முடியாது. நாற்காலி நவம்பர் வரை காலியாகக் கிடந்தால், வரப்போகிற புதுக் கவர்னர் தங்கள் ஆளை உட்கார வைப்பார் என்பது கட்சியின் கணக்கு. காலி நாற்காலி ஒன்றுக்காக ஒரு கட்சியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பழக்க தோஷத்துல ஊத்திட்டேன்னு சொல்லிடு. ஒருத்தரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டாங்க. யாருக்கும் காபி கொடுக்கிற வீடுதானே இது," என்றான் ஸால். கொஞ்சம் இறங்கிய குரலில், "அந்த அம்மா ஜீனோவுக்குப் பண்ணினதுக்கு, நீ காபிப் பாத்திரத்தையே தலையில கவுத்திருக்கணும்," என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவன் போன பிறகு கோனி கோப்பையைக் கழுவவில்லை. அது அங்கேயே ஆறிப்போய், மேலே மெல்லிய ஆடை படிய இருந்தது. பெர்ரி தரம் பிரிக்கும் கொட்டகையில் பெல்ட் ஓடும் சத்தம் சமையலறை வரை கேட்டது. மதியத்துக்குள் போன் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. காபி ஊற்றியாயிற்று என்ற சேதி மாவட்டத்தைத் தாண்டித் தலைநகருக்குப் போய், அங்கிருந்து இன்னும் இரண்டு விவரங்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது. ஒரு பத்திரிகைக்காரன், கேக்கும் கொடுத்தீர்களாமே என்று கேட்டான்.

செனட்டில் அவளுடைய கட்சிக்குத் தலைவரான வாரன் டைஸ் மறுநாளே தலைநகரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில், மூலை மேஜையில், பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்த சாண்ட்விச்சுக்கு முன்னால் அவளுக்காகக் காத்திருந்தார். டைஸ் நல்ல மனிதர் என்று பேர் எடுத்தவர். பரிமாற வந்த பெண்ணின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்று தடவையாவது அதைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"கோனி, நான் உங்களை ஒண்ணும் பண்ணச் சொல்ல வரல. அதுதான் இதுல அழகே. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். வியாழக்கிழமை காலைல நீங்க விசாரணை அறைக்குப் போற அந்த நடைக்கூடத்துல இருக்கக்கூடாது, அவ்வளவுதான்."

"கேட்டா?"

"யார் கேப்பாங்க? வேற எந்தச் செனட்டரா இருந்தாலும், வேணும்னே நாற்காலியைக் காலியாப் போட்டு வைக்கறாங்கன்னு பத்திரிகைல கிழிப்பாங்க. உங்களைக் கேக்க யாருக்கு வாய் வரும்? நீங்க ஒரு அம்மா. பெத்தவளோட வலின்னு சொன்னா முடிஞ்சு போச்சு."

கோனி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு வறுவலை முள்கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"அந்த அம்மாவுக்குத் தகுதி இல்லைங்கறீங்களா, வாரன்?"

"தகுதியா? மாவட்டத்துல அவங்களை மாதிரி ஆள் கிடையாது. அதுதானே தொல்லை. தகுதி இல்லாத ஆளா இருந்தா நான் ஏன் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வரேன்?" என்று சிரித்தார் அவர். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒரு போட்டோ மட்டும் வேணும். நீங்களும் ஜீனோவும், உங்க தோட்டத்துல. பேட்டி எல்லாம் வேண்டாம். சும்மா ரெண்டு பேரும் நிக்கற மாதிரி. பாக்கறவங்களே புரிஞ்சுக்குவாங்க," என்றார்.

ஜீனோவின் பெயரை இந்த மனிதர் வாயால் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கோனி யோசித்துப் பார்த்தாள். வழக்கு நடந்த நாட்களில், குடும்பப் படங்களில் மகனைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவரே இவர்தான். கட்சி மாநாட்டில் முதல் வரிசையிலிருந்து அவளை மூன்றாவது வரிசைக்கு மாற்றினார்கள். மகன் சிறையில் இருந்த காலம் முழுக்க, கட்சியில் ஒருவர், ஒரே ஒருவர், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டதில்லை. கேட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல ஒதுங்கிப் போனார்கள். அவளும் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள், அரசியல் என்றால் அப்படித்தான் என்று. இப்போது அந்தப் பையனுக்குத் திடீரென்று ஒரு உபயோகம் வந்துவிட்டது. பயிர் விளையாத மூலை நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று கண்டுபிடித்த மாதிரி ஆர்வத்தோடு டைஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோனி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் நடந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"நடக்க மாட்டீங்க."

"நடந்தா?"

டைஸ் பில்லை எடுத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "அடுத்த வருஷம் உட்கட்சித் தேர்தல்ல உங்களுக்கு எதிரா ஒருத்தர் நிப்பார். எனக்குப் பிடிக்காதுதான், ஆனா நான் தடுக்க முடியாது. நல்ல ஆள். ஊர்ல பேர் இருக்கு, மேயரா இருந்த அனுபவம் இருக்கு. குடும்பப் பேரும் ஒண்ணுதான், போஸ்டர் கூட மாத்த வேண்டாம்."

அவர் சொன்னது அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. நேற்று பின்வாசல் வழியாக வந்த தம்பி, மேஜையைப் பார்த்த அந்தப் பார்வை, எல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது. பரிமாறிய பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாகக் காது தெளிவாகக் கேட்டது என்று பிறகு தன் கணவனிடம் சொன்னாள்.

ஜீனோ டயர் கடையில் வேலை செய்கிறான். ஓட்டுநர் உரிமம் இல்லாததால் காலையில் கொண்டுவிடுவதும் சாயங்காலம் அழைத்துவருவதும் கோனிதான். தலைநகரில் எவ்வளவு பெரிய கூட்டம் நடந்தாலும் இதற்கு வேறு ஆள் வைக்க மாட்டாள். கடையிலிருந்து வீட்டுக்கு நேர்வழி, பழைய ஆலைச் சாலை. அந்தச் சாலையில்தான் அந்த விபத்து நடந்தது. அதனால் சர்ச்சுப் பக்கமாகச் சுற்றி, கிரான்பெர்ரி விளையும் சதுப்புகளைத் தாண்டி ஒரு நீண்ட சுற்றுப் பாதையில் போவாள். ஏன் இப்படிப் போகிறோம் என்று இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அன்று கடையிலிருந்து கிளம்பியதும் அவள் இடது பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பாமல் நேராக ஆலைச் சாலையில் போனாள். ஜீனோ நிமிர்ந்து உட்கார்ந்தான். முப்பது வயதைத் தொடப்போகிறவன், அப்பாவின் தோள், கைகளில் டயர்க் கரி. சாலையின் இரண்டு பக்கமும் பைன் மரங்கள் நெருங்கி நின்றன.

"மா, டைஸ் நேத்து சாயங்காலம் போன் பண்ணாரு," என்றான்.

"உனக்கா?"

"போட்டோ எடுக்கணும்னாரு. நான் சரின்னுட்டேன்." அவள் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சொன்னான், "உனக்கு நல்லதுன்னாரு மா. என்னால உனக்கு இத்தனை நாள் கெடுதல்தானே. ஒரு தடவையாவது..."

கோனி பிரேக்கை மிதித்தாள். வண்டி ஓரத்துச் சரளையில் ஏறி நின்றது. கொஞ்ச தூரத்தில், மரத்தடியில், வெள்ளைச் சாயம் பூசிய ஒரு சைக்கிள் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அன்று இறந்தவனின் நினைவாக வைத்தது அது. அவன் பெயர் எஃப்ராயின் ஒசோரியோ. பெர்ரி பறிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் அந்தச் சைக்கிளுக்குப் புதுச் சாயம் பூசுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இந்த வருடச் சாயம் இன்னும் பளிச்சென்று இருந்தது. கைப்பிடியில் யாரோ காகிதப் பூ சுற்றியிருந்தார்கள்.

"முடியாதுன்னு சொல்லிடு. இப்பவே போன் பண்ணிச் சொல்லு."

"உனக்கு அந்த ஜட்ஜைப் பிடிக்காதே மா."

"பிடிக்காது. சாகற வரைக்கும் பிடிக்காது. அது என் சொந்த விஷயம், வாரன் டைஸுக்கு வாடகைக்கு விடறதுக்கு இல்ல. உன்னையும்தான் விடமாட்டேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "அந்த அம்மா லாயக்கில்லைன்னு ஒருத்தர் சொல்லட்டும், நான் வீட்டுல உக்காந்துக்கறேன். வீடு கட்டக்கூடாதுன்னு சொல்லட்டும், நானே மேடையேறிச் சொல்லியிருக்கேன். ஆனா என் பிள்ளை ஜெயில்ல கிடந்ததைக் காட்டி நாற்காலியைப் பூட்டி வைப்பாங்களா? அதுக்கா நீ கிடந்த?"

ஜீனோ சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவைத் திறக்கப்போகிறவன் போலக் கைப்பிடியில் கை வைத்தான், திறக்கவில்லை.

"அன்னிக்குக் கோர்ட்ல அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? இந்த ஆளு ராத்திரில இவ்வளவு தூரம் ஏன் சைக்கிள்ல போனார்னு. யாருமே பதில் சொல்லல. நம்ம வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்."

கோனிக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்வியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. தண்டனையைவிட அது அதிகமாகச் சுட்டது. எதற்கு இந்தக் கேள்வி, இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தாள்.

"உள்ளே இருக்கும்போது அதையே யோசிச்சுட்டு இருந்தேன். நான் குடிச்சிருந்தேன், அது என் தப்பு, அதுல பேச்சே கிடையாது. ஆனா அவர் ஏன் அந்த ரோட்டுல இருந்தார்? நம்ம ஊர்ல அவங்க தங்க வீடு கிடையாது மா. நம்ம தோட்டத்துல வேலை, தூங்கறதுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் போகணும். பதில் அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரியும், அதான் யாரும் சொல்லல."

அவள் மகனைப் பார்த்தாள். 'நம்ம தோட்டத்துல' என்று அவன் சொன்னது அவளுக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. அந்தப் பருவத்தில் எஃப்ராயின் பறித்த பெர்ரியும் அவள் கொட்டகை பெல்ட்டில்தான் ஓடியிருக்கும். தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் தான் பேசியதும், விழுந்த கைத்தட்டலும் அவளுக்கு இப்போது வேறு மாதிரி கேட்டது. வீடு கட்டுவது சரி என்று அந்த நிமிடத்திலேயே அவள் மாறிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் நிலத்தை நினைத்தால் அவளுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கிற ஒரு ஆளை, தன்னைக் காட்டி வெளியே நிறுத்தி வைக்கப் போகிறார்கள், அதற்குத் தான் உடன்படமாட்டோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

"போன் பண்ணு," என்றாள்.

அவன் அங்கேயே, வண்டிக்குள்ளிருந்தே பண்ணினான். டைஸின் உதவியாளர் எடுத்தார். "போட்டோவுக்கு நான் வரல. இல்லைங்க, அம்மா சொல்லி இல்ல. நானாத்தான்," என்று சொல்லிவிட்டு வைத்தான். அம்மா சொல்லித்தான் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அவன் அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஸால் புதன்கிழமை முழுக்கத் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. பெர்ரிப் பெட்டிகளை ஏற்ற வழக்கமாக அவன் அனுப்பும் லாரியும் வரவில்லை. கோனியின் கணவன் பக்கத்துத் தோட்டத்து லாரியைக் கெஞ்சி வாங்கிவந்தான். சாயங்காலம் கோனியே தம்பி வீட்டுக்குப் போனாள். ஸால் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"ராத்திரி மழை வரும் போலிருக்கு," என்றான்.

அவர்கள் வீட்டில் அதுவரை ஒருவருக்கொருவர் அப்படிச் சொன்னதில்லை. கோனிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. "வரட்டும். நீ நிக்கறதா இருந்தா நல்லா நில்லு, ஸால். நானும் நிக்கத்தான் போறேன். போஸ்டர்ல என் படம் பெரிசா இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். தம்பியோடு பேச்சில்லாமல் இனி எத்தனை கிறிஸ்துமஸ் போகுமோ என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை தலைநகரில் அந்த நடைக்கூடத்தில் கூட்டம் முன்கூட்டியே கூடியிருந்தது. நீளமான நடை, இரண்டு பக்கமும் பழைய கவர்னர்களின் படங்கள். கடைசியில் விசாரணை அறையின் இரட்டைக் கதவு. ஆர்டித் கோல்மன் தனியாக ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவரும் இரண்டு மகள்களும் அறைக்குள் போய்விட்டார்கள், அதுவும் வழக்கம்தான். கேமராக்காரர்கள் ஒரு சுவரோரமாக நின்று, வராத ஒருவருக்காகக் காத்திருப்பவர்களின் சோம்பலோடு பேசிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் கோனியின் தலை தெரிந்ததும் அந்தப் பேச்சு நின்றது. நீலக் கோட்டு போட்டிருந்தாள். ஒரு கையில், பெர்ரிப் பெட்டி ஏற்றும் நாட்களில் தோட்டத்துக்கு எடுத்துப்போகிற, அடிபட்டு நெளிந்த பச்சை பிளாஸ்க்.

நேராகப் பெஞ்சுக்குப் போய், நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக் கழற்றினாள். அந்த மூடியிலேயே காபியை ஊற்றினாள். நடை முழுக்க அந்த வாசனை பரவியது.

"இது கைப்பழக்கம் இல்ல, ஜட்ஜ். யோசிச்சுத்தான் ஊத்தறேன்."

ஆர்டித் மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கைகள் நடுங்குவதைக் கோனி பார்த்தாள். ஐந்து வருடம் என்று சொன்ன அன்று அவை நடுங்கினவா என்று அவள் கவனித்திருக்கவில்லை.

"நான் உங்களை மன்னிக்கல. அதையும் சொல்லிடறேன்," என்றாள்.

"தெரியும். நானும் கேக்கல."

"சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."

நீதிபதி பார்க்கவில்லை. வாய் சுட, கண்ணில் நீர் வர, நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கேமராக்கள் அந்த நேரம் முழுக்கக் கிளிக் கிளிக்கென்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தன. குடித்து முடித்து மூடியைக் கோனியிடம் நீட்டினார். இருவரும் எழுந்தார்கள். செனட்டர் இடது பக்கம், வந்தவர் வலது பக்கம், அது வழக்கம். கையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம்தான், ஆனால் கோனி பிடிக்கவில்லை, மற்றவரும் எதிர்பார்க்கவில்லை. நீதிபதி நெட்டை, எட்டி அடி வைத்து நடப்பவர். கோனி குட்டை, அறுவடை நாட்களின் முழங்கால் வலி வேறு. பாதி தூரத்தில் ஆர்டித் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதைக் கோனி உணர்ந்தாள். உடனே, வலித்தாலும் பரவாயில்லை என்று, தன் வேகத்தை அவள் கூட்டினாள். அதற்குப் பிறகு காலடிச் சத்தம் இரண்டும் ஒன்றாக விழுந்தது.

கதவைத் திறந்தார்கள். உள்ளே குழுத் தலைவரின் மேஜை, அவருக்குப் பக்கத்தில் வாரன் டைஸ். பார்வையாளர் வரிசையில், கடைசி மூலையில், டயர்க் கரி முழுசாகப் போகாத கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஜீனோ. அப்பாவின் டையைக் கட்டியிருந்தான். எத்தனை பேர் ஓட்டுப் போடுவார்கள், யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதெல்லாம் இனிமேல்தான். குழுத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செனட்டர் யாரை அழைத்து வந்திருக்கிறார்?" என்ற பழைய கேள்வியைக் கேட்டார்.

கோனி பேச வாயெடுத்தபோதுதான் பிளாஸ்க்கின் மூடி இன்னும் தன் கையிலேயே இருப்பதைக் கவனித்தாள். வைக்க இடமில்லை. அடியில் மிஞ்சியிருந்த ஒரு துளி அவள் விரல் வழியாக இறங்கிக் கோட்டின் கைக்குள் போனது. டைஸ் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவள் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அறையின் கடைசி மூலைக்கும் கேட்கிற குரலில், ஆர்டித் கோல்மனின் முழுப் பெயரைச் சொன்னாள்.